கெட்டிச் செடி

கிழங்கு என்றால் மண்ணுக்குள்தானே இருக்கவேண்டும்? கொளத்தூர் மீன் கடைத்தெரு முனையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போதும் தாரணி இதைத்தான் வாதாடிக்கொண்டிருந்தாள். எதிரில் வக்கீலும் இல்லை, ஜட்ஜும் இல்லை, எல்லாம் அவளேதான். கிழங்கை வெளியே போட்டுவிட்டு இலையை மட்டும் தண்ணீருக்குள் ஆட்டிக்கொண்டு நிற்கிற செடியை எந்த ஊரில் கண்டது? அவள் பிறந்தது கவுந்தப்பாடிப் பக்கம், மஞ்சள் காட்டுக்காரர் வீட்டில். மழையில் மண் கரைந்து கிழங்கு வெளியே தெரிந்தால் போதும், "மண்ணை அணைச்சு உடு கண்ணு, வெயில் பட்டாப் போச்சு" என்று அப்பா வரப்பிலிருந்து போடுகிற சத்தம் பக்கத்துக் காடு வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள் முன்னால் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, அதற்குள் கல்லின் மேல் பச்சைக் கிழங்குகளை வெட்டவெளியில் கிடத்தி, அதையும் கறுப்பு நூல் போட்டுக் கட்டி வைத்தால், கை சும்மா இருக்குமா? இருக்கவில்லை. புருஷன் கப்பலுக்குப் போன மறுவாரமே நூலையெல்லாம் அறுத்துப்போட்டாள். 'பாவம், இந்த மனுசனுக்குச் செடி நடக்கூடத் தெரியலையே' என்று மனசுக்குள் ஒரு செல்லச் சலிப்பு வேறு. சரளைக்குள் விரலை விட்டுக் குழி பறித்து, ஒவ்வொரு கிழங்கையும் உள்ளே ஊன்றி, மேலே அணைத்து, தட்டிக்கொடுத்து, இப்பப் பாரு என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்றாள் பாருங்கள், அந்த நிற்பை இப்போது நினைத்தால் தன் தலையிலேயே நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போல இருந்தது.

அழுகிவிட்டது. ஒன்றுகூட மிச்சமில்லாமல் அழுகிவிட்டது. முதலில் இலையில் மஞ்சள், அது சரி, ஊர்ப்பாசம் என்று நினைத்தாள், அப்புறம் கறுப்பு, அப்புறம் தொட்டால் கையோடு வந்தது. கிழங்கைத் தோண்டி எடுத்தபோது கொழகொழவென்று ஒரு நாற்றம், ஐயோ, அந்த நாற்றத்தை விரலிலிருந்து எடுக்க எலுமிச்சம்பழம் தேய்க்க வேண்டியதாயிற்று. இப்போது தொட்டியில் மீன்கள் மட்டும் சரளைக்கு மேலே அங்கும் இங்கும் போய்வருகின்றன, சாமான் எல்லாம் காலி செய்த வீட்டுக்குள் பிள்ளைகள் ஓடுகிற மாதிரி. இன்றைக்குச் சாயந்தரம் பூபதி வருகிறான். நாலு மாசம் கழித்து வருகிறான். கல்யாணம் ஆகி மூணே வாரம் கூட இருந்துவிட்டு, கப்பலுக்குக் கூப்பிட்டார்கள் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன மனிதன், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தொட்டியப் பாத்துக்கோ அம்மணி." தன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை, தொட்டியை. அதைத்தான் அவள் இப்படிப் பார்த்துக்கொண்டாள். தெருவில் தண்ணீர் தெறித்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் கடைவாசலில் பாலித்தீன் பைகளில் மீன்கள் தொங்கின, சிவப்பு, நீலம், கோடு போட்டது, வாலை விசிறியாக விரித்தது. ஒரு கடைக்காரர் சிலிண்டரிலிருந்து பையில் காற்றை அடித்து ரப்பர் பேண்டைச் சுருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு கவலையிலும் அவளுக்கு அந்தத் தெரு பிடித்துப்போயிற்று. திருவிழாக் கடை மாதிரி ஒரு சந்தோஷம், காரணமே இல்லாமல், தொண்டைக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. அடியே, நீ வந்திருக்கிற வேலை என்ன, உனக்கு வேடிக்கை ஒரு கேடா என்று தன்னையே அதட்டிக்கொண்டு நடந்தாள்.

திட்டுவானா? திட்டினால் பரவாயில்லை. திட்டுக்குப் பதில் இருக்கிறது, அழலாம், முறைக்கலாம், ரசத்தில் உப்பைக் கொட்டலாம். அவன் திட்டுகிற ஜாதி இல்லை. பேசாமல் இருக்கிற ஜாதி. தொட்டியைப் பார்ப்பான், ஒரு நிமிஷம் நிற்பான், 'செரி' என்பான். அந்தச் 'செரி'க்குத்தான் அவள் பயந்தாள். ஏனென்றால் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என்று இருந்ததே அந்தச் செடிதான். எந்தக் கடலில் இருக்கிறானோ, எப்போது நெட் கிடைக்குமோ, கிடைத்தவுடன் கூப்பிடுவான். "செடி எப்பிடி இருக்குது அம்மணி?" "நல்லா இருக்குதுங்க." "புது எலை வந்துதா?" "வந்துதுங்க." "செரி." அப்புறம் காற்றுச் சத்தம். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து எதையோ பேச வாயெடுத்து, நீ சொல்லு, நீங்க சொல்லுங்க என்று நின்று, லைன் கட் ஆகிவிடும். நீ எப்படி இருக்கிறாய் என்று அந்த மனிதன் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கேட்டால் என்ன, வாயில் இருக்கிற முத்தா உதிர்ந்துவிடும்? மெட்ராஸ் தண்ணீர் சேராமல் முதல் மாசம் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, வேலை பார்க்கிற கிளினிக்கில் புது டாக்டர் எரிந்து விழுகிறார், ராத்திரி பக்கத்து வீட்டுக் கிரில் கேட் காற்றில் ஆடினால் தூக்கம் போய்விடுகிறது, எல்லாம் சொல்ல ஆசைதான். ஆனால் கேள்வி செடியைப் பற்றி வந்தால் பதிலும் செடியைப் பற்றித்தானே சொல்ல முடியும்? செத்துப்போன பிறகும் சொன்னாள். வந்துதுங்க, ரெண்டு எலை வந்துதுங்க, என்றாள். வீடியோவில் காட்டச் சொன்னால் மீன் முகத்துக்கு நேரே கேமராவை வைத்து, "பாருங்க, எப்பிடிக் குண்டாயிருச்சு" என்று சிரித்து மழுப்பினாள். இன்றைக்கு அந்தச் செடி இல்லையென்றால், இருக்கிற ஒரே பேச்சும் இல்லை. நாலு மாசம் கழித்து ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து எதைப் பேசுவது, கரண்ட் பில்லையா? அதனால் வாங்கியே ஆகவேண்டும். அதே செடி, அதே உயரம், அதே இடம். சாகாத செடி. அவள் கையாலும் சாகடிக்க முடியாத செடி.

தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரியில் சுருட்டி வைத்திருந்த பையில் கடைப்பெயர் அச்சடித்திருந்தது, எஸ்தர் அக்வேரியம். தேடிப்பிடித்துவிட்டாள். ஒடுக்கமான கடை, உள்ளே குகை மாதிரி போய்க்கொண்டே இருந்தது, இரண்டு பக்கமும் தொட்டிகள், தலைக்கு மேலே குழாய்கள் குபுகுபுவென்று கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தன. எஸ்தர் அக்காவே இருந்தார், முழங்கை வரைக்கும் ஒரு தொட்டிக்குள் விட்டபடி. கழுத்தில் சிலுவைச் சங்கிலி, நைட்டி மேல் துண்டு. ஈரக்கை பட்டுக் கெட்டுவிடும் என்று செல்ஃபோனை மீன் போடுகிற பாலித்தீன் பைக்குள்ளேயே போட்டு முடிச்சுப் போட்டு மேஜை மேல் வைத்திருந்தார். "வாம்மா, இன்னா வோணும்?" தாரணி கைப்பையிலிருந்து தன் ஃபோனை எடுத்தாள். கல்யாணத்துக்கு முந்தின மாசம், வீடு பார்க்க இரண்டு குடும்பமும் வில்லிவாக்கத்துக்கு வந்தபோது எடுத்த படம். முன்னால் பூபதி நிற்கிறான், பின்னால் தொட்டி. செடி தெரியவேண்டும் என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, புருஷனை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி, கடைசியில் அவனுடைய ஒரு காதும் அரைத் தோளும்தான் மிச்சம். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உண்மையில் இந்தக் காதுதான் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முகத்தை நினைக்கப் பார்த்தால் நழுவுகிறது, இந்தக் காது நழுவுவதில்லை. வெட்கப்பட்டால் முதலில் சிவப்பது அதுதான். "இதே செடி வேணுங்க்கா," என்று நீட்டினாள். எஸ்தர் அக்கா ஈரக்கையால் ஃபோனைத் தொடாமல் தலையைப் பின்னால் இழுத்தார், கண்ணைச் சுருக்கினார், இன்னும் பின்னால் இழுத்தார். வெள்ளெழுத்து. தாரணிக்குக் கை பரபரத்தது. அவள் வேலையே அதுதான், கண் கிளினிக்கில் ஆளை உட்கார வைத்துக் கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டு பவர் பார்ப்பது. அக்காவுக்கு ஒன்றே கால் பவரில் கண்ணாடி போட்டால் பேப்பர் முழுக்கப் படித்துவிடுவார். "தெரியுதுங்களாக்கா?" "தெரியுது தெரியுது, பச்சையா இருக்குது," என்றார் அக்கா, மானத்தை விடாமல். "அது அனுபியாஸ், பின்னாடி நிக்குறது ஜாவா ஃபெர்ன். ரெண்டும் கெட்டிச் செடிம்மா. வெளிச்சம் கம்மியா இருந்தாலும் தாங்கும், மீன் கடிச்சாலும் தாங்கும். அத்த சாவடிக்கணும்னா அதுக்குன்னு ஒரு ஆளு பொறக்கணும்."

அந்த ஆள் நான்தான் அக்கா, கவுந்தப்பாடியில் பிறந்துவிட்டேன் என்று சொல்லாமல் தாரணி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா ஒரு தட்டில் தண்ணீர் விட்டுச் செடிகளை எடுத்து எடுத்துப் போட்டார். குட்டை இலை, நீள இலை, வெற்றிலை மாதிரி ஒன்று, சீப்பு மாதிரி ஒன்று. எது அது? படத்தில் இருந்தது இவ்வளவு அகலமா, இல்லை இதைவிட ஒடுக்கமா? இது தெளிவா இருக்கா, இதுவா? முதல்ல போட்டதா, இப்பப் போட்டதா? நாள் முழுக்க மற்றவர்களிடம் கேட்கிற கேள்வி இப்போது அவள் பக்கம் திரும்பிக்கொண்டது. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு மேடம் என்று கிழவர்கள் பாவமாகச் சொல்வார்களே, அந்தப் பாவம் இப்போது புரிந்தது. அன்றைக்கு வீடு பார்க்க வந்தபோது பூபதி இதே செடிகளைக் காட்டிக் காட்டி அவள் அப்பாவிடம் எவ்வளவு பேசினான். அவன் அவ்வளவு பேசி அவள் கேட்டது அந்த ஒருநாள்தான். இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுங்க மாமா, இதுக்கு உரம் வேண்டியதில்லீங்க மாமா, நம்ம கை பட்டாப் போதும் தானா வருமுங்க. அப்பா பூரித்துப்போய்விட்டார். கடல் கண்ணிலேயே படாத காங்கேயத்தில் பிறந்துவிட்டுக் கப்பலில் எஞ்சின் பார்க்கிற பையன் செடியையும் பார்க்கிறானே என்று பஸ்ஸில் ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் அதையே பேசினார். அப்படிப்பட்ட கைராசிக்காரனுக்குத் தெரியாமலா போகும்? இலையை எண்ணி வைத்திருப்பான். கிழங்கில் எங்கே கணு என்று தெரிந்துவைத்திருப்பான். கண்டுபிடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காது மட்டும் சிவந்து நிற்பான். சொல்லிவிடலாமா? வாசலிலேயே, பெட்டியை வாங்கும்போதே, செத்துப்போச்சுங்க என்று? வேண்டாம், வந்த மனிதனிடம் முதல் வார்த்தையே சாவா? காபி கொடுத்த பிறகு? குளித்த பிறகு? தட்டில் ஒரு குட்டி நத்தை அவள் விரலை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது, அவசரமே இல்லாமல், இவளுடைய புருஷன் எப்போது வந்தால் அதற்கென்ன.

"இன்னாம்மா, செடிய வாங்கறியா, அதோட வம்சம் விசாரிக்கிறியா?" அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்னவோ அவிழ்ந்துவிட்டது. தாரணி சொல்லிவிட்டாள், எல்லாவற்றையும், நூலை அறுத்தது, குழி பறித்தது, அணைத்தது, அப்பாவின் சத்தம், எலுமிச்சம்பழம் வரைக்கும். பாதியிலேயே எஸ்தர் அக்கா தொட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு நைட்டியில் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், உடம்பு குலுங்கக் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. "புதைச்சிட்டியா? மஞ்சள் மாதிரியா? அய்யோ ஏசப்பா! அந்தக் கிழங்கு மூச்சு உட்றதே வெளியதாம்மா. சரளைக்குள்ள போட்டா அழுவிப்பூடும். அதான் நானே கல்லுல நூலு சுத்திக் குடுக்குறது, அதுவாப் புடிச்சிக்கிற வரைக்கும்." மறுபடியும் சிரித்தார். "ஈரோட்டுப் பக்கத்துக்காரங்க எல்லாமே இப்டித்தானா? எங்கிட்ட ஒரு தம்பி வாங்குவாரு, உங்கூருதான். அவரும் மஞ்சள் நடுற மாதிரியே நட்டு நட்டு மூணு வாட்டி சாவடிச்சாரு. நாலாவது வாட்டி வந்து, அக்கா, பொண்ணு வீட்டுக்காரங்க வூடு பாக்க வராங்க, சாவாத செடியாக் குடுங்க, நீங்களே கட்டிக் குடுத்துடுங்கன்னு கெஞ்சுறாரு. பாவம், தங்கமான புள்ள." தாரணியும் சிரித்தாள். உலகத்தில் இன்னொரு முட்டாளும் இருக்கிறான், அதுவும் நம் ஊர்க்காரன் என்பதில் எவ்வளவு ஆறுதல். அந்தப் பெண் யாரோ, கொடுத்துவைத்தவள், அவள் புருஷனுக்கு இந்த வலி புரியும். அக்கா இன்னொரு செடியைத் தூக்கிக் காட்டினார், பழுப்பும் பச்சையுமாகச் சுருண்ட இலை. "இதையும் ஒண்ணு எடுத்துக்க. கிரிப்ட்டு. இத்த வேரோட மண்ணுல நடலாம், உன் ஆசையும் தீரும். ஆனா ஒண்ணு, எடம் மாத்துனா எலையெல்லாம் கரைஞ்சி கொட்டிப்பூடும். செத்துடிச்சின்னு புடுங்கிப் போட்டுறாத. சும்மா உடு. வேரு இருக்குது, வந்துரும்." தாரணி தன்னையறியாமல் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கொட்டினது போக வளர ஆரம்பித்துத்தான் இருந்தது. எனக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் இரண்டு எண்ணெய் பாட்டில் மிச்சமாகியிருக்கும் என்று நினைத்தாள். இதைக் கட்டாயம் வாங்கவேண்டும், படத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மேஜை மேல் பைக்குள் இருந்த ஃபோன் அடித்தது. அக்கா அதற்குள் மறுபடி தொட்டியில் கையை விட்டிருந்தார், வாயில் நூல்கண்டின் முனை. "ஸ்பீக்கர்ல போடும்மா," என்று பல்லுக்கு நடுவே சொன்னார். தாரணி பாலித்தீனுக்கு மேலேயே விரலை வைத்து அழுத்தினாள். "அக்கா, நாந்தானுங்க, ஈரோட்டுக்காரன்," என்றது ஃபோன். பின்னால் ஹாரன் சத்தம், யாரோ பைக் ஓட்டுகிறவனைத் திட்டும் டிரைவர். காற்றுச் சத்தம் இல்லாமல், அலைச் சத்தம் இல்லாமல், இவ்வளவு கிட்டத்தில் அந்தக் குரலை அவள் நாலு மாசமாகக் கேட்டதில்லை. "எறங்கீட்டனுங்க. டாக்ஸில நேரா அங்கதான் வந்துட்டு இருக்கறேன். வீட்டுல சாயந்தரந்தான் வருவேன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க. அந்தக் கெட்டிச் செடி, நீங்க கல்லுல கட்டித் தருவீங்கல்லொ, அது எடுத்து வையுங்க. அங்க அத்தனையும் போயிருச்சாட்ட இருக்குது." அக்கா வாயிலிருந்த நூலை எடுத்தார். "யாரு தம்பி சொன்னாங்க? உன் வீட்டுலயா?" "அது எங்கீங்க சொல்லுது? கேட்டா எலை வந்துருச்சுங்குது. வீடியோவுல மீனத் தவிர ஒண்ணுங் காட்டாது. ஆனா சிரிக்கறப்பவே தெரியுதுங்க்கா, உள்ளுக்குள்ள பயந்துட்டு இருக்குதுன்னு. என்னமோ நாம் பெரிய இவனாட்டப் பேசிப்போட்டனா, அதான். நானும் மஞ்சளாட்டப் பொதைச்சுத்தாஞ் சாவடிச்சேன்னு சொல்லிப்போடோணும். போன்ல சொல்லலாம்னு கூப்புடுவனுங்க. என்ன சொல்றதுன்னு தெரியாம செடி எப்பிடி இருக்குதுன்னே கேட்டுப்போடறேன். நாலு மாசமா அதையே கேட்டுட்டு இருக்கறனுங்க்கா. எனக்கே வெக்கமா இருக்குது."

எஸ்தர் அக்கா தாரணியைப் பார்த்தார். தாரணியின் கையிலிருந்த படத்தைப் பார்த்தார், தலையை நன்றாகப் பின்னால் இழுத்து, அந்தக் காதைப் பார்த்தார். வெள்ளெழுத்துக்கு இவ்வளவு தெரிந்ததே பெரிது. பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார். தாரணி உட்காரவில்லை. அந்த ஊர்க்கார முட்டாள், கொடுத்துவைத்த அந்தப் பெண், எல்லாம் வட்டம் போட்டுத் தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றுவிட்டதை நினைத்து உரக்கச் சிரிக்கவேண்டும் போலவும், ஓடிப்போய் அந்த டாக்ஸியை நடுரோட்டில் மறித்து இரண்டு அடி போடவேண்டும் போலவும் இருந்தது. பயந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்ததாம், தெரிந்தும் நாலு மாசம் வாயை மூடிக்கொண்டு இருந்தானாம், இப்போது பெட்டியோடு செடி வாங்க வருகிறானாம். தங்கமான பிள்ளை என்று அக்கா சொன்னது நிஜம்தான். என் தங்கம். இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டதற்கே முகம் சுட்டது. மேஜைக்குக் குனிந்தாள், ஈரம் பட்ட பாலித்தீன் பைக்கு அருகில் வாயை வைத்தாள். "ஏனுங்க," என்றாள்.

டாக்ஸி எங்கேயோ சிக்னலில் நின்றது போல, எஞ்சின் சத்தம் மட்டும். இங்கே தலைக்கு மேலே குழாய்கள் குபுகுபுவென்று விட்டுக்கொண்டிருந்தன. அங்கே ஒரு காது சிவந்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வரப்போவது என்ன என்றும் தெரியும், இத்தனை மாசமாகக் கேட்டதுதானே, செடி எப்பிடி இருக்குது. அதற்குச் சொல்ல வேண்டிய பதிலை இந்த முறை நிஜமாகச் சொல்லிவிடுவது என்று தயாராக நின்றாள்.

"அம்மணி," என்றான் பூபதி. தொண்டையைச் செருமினான். "நீ எப்பிடி இருக்கறே?"

"நல்லா இருக்கறனுங்க," என்றாள் தாரணி. "செடிதான் செத்துப்போச்சு."